முயலுக்கு ஒரு ஸ்கோப்

ஐப்பசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நார் நார் கூனில் நின்றுகொண்டு, ஐம்பத்து மூன்று வயது இந்திரகுமார் ஒரு சபதம் எடுத்தார். இனி முயலா தானா என்று ஒரு கை பார்த்துவிடுவது.

நார் நார் கூன் என்பது ஊரின் பெயர். மெல்பேர்னில் இருந்து தென்கிழக்கே, பக்கன்ஹாமைத் தாண்டிப் போனால் வரும். அங்கே அவருடைய நண்பர் ஆனந்தராஜாவுக்கு ஐந்து ஏக்கர் காணி. அதில் ஒரு மூலையை, "சும்மா கிடக்குது, ஏதும் நடுங்கோ" என்று இந்திரகுமாருக்கும் மனைவி சந்திரவதனாவுக்கும் விட்டுக்கொடுத்திருந்தார். மல்கிரேவில் அவர்களுடைய வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலம் உடுப்புக் காயப்போடவே காணாது.

சந்திரவதனா யன்னலோரம் தயிர்ப் பேணிகளில் பயற்றங்காய் விதையை முளைக்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஈர்க்குக் குத்தி, அறுபது கன்றுகளைக் காரின் பின்சீற்றில் குழந்தைப்பிள்ளை போல ஏற்றிக்கொண்டு வந்து சனிக்கிழமை நட்டாள். ஞாயிறு காலை வந்து பார்த்தால் அறுபது ஈர்க்கு நின்றது. கன்று நிற்கவில்லை. ஊரின் பெயருக்கேற்ப எல்லாம் நார் நாராகக் கிடந்தது. இந்திரகுமார் கூனிப்போய் நின்றார்.

கொஞ்சம் தள்ளி, வேலிக்கரையில், ஒரு முயல் சாப்பிட்ட முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தது.

"சந்திரா, நான் துவக்கு வாங்கப் போறன்."

சந்திரவதனா ஈர்க்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நல்ல யோசனை," என்றாள்.

இந்திரகுமார் திடுக்கிட்டார். இருபத்தாறு வருடக் கலியாண வாழ்க்கையில் அவருடைய யோசனை எதற்கும் இந்தப் பட்டம் கிடைத்ததில்லை. மறுப்பு வரும் என்று ஐந்து நியாயங்களை நாக்கு நுனியில் அடுக்கி வைத்திருந்தார். ஒன்றும் செலவாகவில்லை. ஐந்தையும் விழுங்கினார்.

"நீர் மறுப்பு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"ஏன் மறுக்க? முயல் தின்னுது. நீங்கள் சுடப் போறியள். இதில என்ன மறுப்பு?"

"இல்லை, வீட்டில துவக்கு இருந்தா..."

"பெட்டியில பூட்டித்தானே வைப்பியள்?"

"ஓம்."

"அப்ப சரி."

துவக்குகளை அவள் நிறையப் பார்த்தவள். பதினான்கு வயதில் இருந்து, பிறந்த ஊரில் யுத்தம் நடந்தபோது, எல்லா நிற உடுப்புக்காரரின் தோளிலும், மிகக் கிட்டத்தில், ஸ்கோப் இல்லாமலே பார்த்தவள். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. அந்த ஞாயிறு இந்திரகுமாரும் அதை நினைக்கவில்லை. அவர் முயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்திரவதனா டண்டினொங்கில் இரத்தம் எடுக்கும் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறாள். ஆளை உட்கார வைத்து, ஊர் எது, பிள்ளைகள் எத்தினை, மழை வருமோ என்று கதை கொடுப்பாள். அவர்கள் மழையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போதே இரத்தம் எடுத்து முடிந்திருக்கும். ஊசி போனதையே அறியாமல் எழும்பிப் போன ஆட்கள் டண்டினொங்கில் ஆயிரக்கணக்கில் உண்டு.

இந்திரகுமார் பெயின்ட் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்ப்பவர். பன்னிரண்டு வெள்ளை நிறங்களுக்கு நடுவில் வித்தியாசம் கண்டுபிடிப்பது அவர் வேலை. பதினெட்டு வருடம் அதைச் செய்தவருக்கு உலகத்தில் எந்த இரண்டு பொருளும் ஒன்று போலத் தெரியாது. அதனால் எதையும் தெரிந்தெடுக்கவும் முடியாது. வீட்டுக்கு உடுப்புத் தோய்க்கும் மெஷின் எடுக்க ஒன்பது மாதம் பிடித்தது. கடைசியில் அவர் தீர்மானித்த மெஷினைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் இந்த முறை மனிதர் மளமளவென்று இறங்கினார். பாதுகாப்பு வகுப்புக்குப் போனார். பரீட்சை எழுதினார். ஆனந்தராஜா, "என்ர காணியில இவர் முயல் சுடலாம்" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். விண்ணப்பம் போனது. லைசன்ஸ் வரக் கிழமைக்கணக்காகும் என்றார்கள்.

"அதுவரைக்கும் சும்மா இருக்காம, துவக்குக்கு மேல பூட்டிற ஸ்கோப்பைப் பாருங்கோவன்," என்றாள் சந்திரவதனா, குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டே.

"துவக்குக்கு முதலோ?"

"ஸ்கோப்புக்கு லைசன்ஸ் வேண்டாம்தானே. கடையில போனா எடுக்கலாம். கண் தெரியாம துவக்கை வைச்சு என்ன செய்யப் போறியள்? கண்ணாடி போட்டே உங்களுக்கு பஸ் நம்பர் தெரியிறேல்லை."

"அதுவும் சரிதான்."

"ஸ்கோப்புக்கு ஏத்த மாதிரித் துவக்கு எடுக்கலாம். என்ன அவசரம்?"

பொத்தானை வாங்கி வைத்துக்கொண்டு சட்டை தேடுவது போன்ற காரியம் அது. இந்திரகுமாருக்கு அப்படித் தோன்றவில்லை. மனைவி தன் திட்டத்தில் கலந்துகொள்கிறாள் என்று மனம் குளிர்ந்து போயிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை டண்டினொங்கில் ஒரு கடைக்குப் போனார். டயர்க் கடைக்கும் மீன் கடைக்கும் நடுவில் இருந்தது. கடைக்காரர் நெஞ்சு வரைக்கும் தாடி வைத்த வெள்ளைக்காரர். என்ன சுடப் போகிறாய் என்று கேட்டார்.

"முயல். பிறகு கிளப்பில டார்கெட்டும் சுட யோசிக்கிறன்," என்றார் இந்திரகுமார் ஆங்கிலத்தில்.

தாடிக்காரர் பெருமூச்சு விட்டார். வேட்டைக்கு வேறு, டார்கெட்டுக்கு வேறு என்றார். முயல் ஓடும், டார்கெட் ஓடாது. ஓடுகிறதைப் பார்க்கக் குறைந்த மடங்கும் அகன்ற பார்வையும் வேண்டும். ஓடாததைப் பார்க்கக் கூடின மடங்கு வேண்டும். இரண்டையும் ஒன்றில் கேட்கிறவர்களுக்கென்றும் ஒரு சாதி இருக்கிறது, அதற்கு வாமின்ட் ஸ்கோப் என்று பெயர் என்றார். பிறகு மேசையில் கறுப்புக் குழாய்களை வரிசையாக வைத்தார். பதினான்கு குழாய்கள்.

பதினான்கும் ஒன்று போல இருந்தன. இந்திரகுமாருக்கு மட்டும் பதினான்கும் வேறு வேறாகத் தெரிந்தன.

அன்று முதல் அவர் ஒரு கொப்பி வைத்து எழுதத் தொடங்கினார். சாப்பாட்டு மேசையில் கொப்பி. கார்ச் சீற்றில் கொப்பி. சிட்னி நார்த்மீட்டில் இருந்து சந்திரவதனாவின் தங்கை சயந்தினி தொலைபேசி எடுத்தபோது கூட அவர் தலை நிமிரவில்லை.

"அத்தான் என்ன செய்யிறார் அக்கா?"

"ஸ்கோப் பாத்துக்கொண்டிருக்கிறார்."

"இந்த வயசிலயோ? எந்தப் படிப்புக்கு?"

"முயலுக்கு."

"முயலுக்கு என்ன ஸ்கோப்?"

"இப்போதைக்கு நல்ல ஸ்கோப்தான்," என்றாள் சந்திரவதனா.

மூன்றாம் கிழமை, இந்திரகுமார் ஒரு முடிவுக்கு வந்தார். இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தார்.

"நாலில இருந்து பன்னிரண்டு மடங்கு வரைக்கும் கூட்டிக் குறைக்கலாம். முன்கண்ணாடி நாப்பது மில்லிமீற்றர். இதைத்தான் எடுக்கப் போறன். முடிவு."

"நல்லது," என்றாள் சந்திரவதனா. சொதியை ஊற்றினாள். "முயல் எவ்வளவு தூரத்தில நிக்கும்?"

"நிக்கிற இடத்தில நிக்கும்."

"இல்லை, மீற்றர் கணக்கில கேட்டனான். அறுபதோ, நூறோ? டார்கெட் இருநூறு மீற்றர் எண்டெல்லே சொன்னனீங்கள். பன்னிரண்டு மடங்கு காணுமோ?"

இந்திரகுமார் வாயில் வைத்த இடியப்பத்தை மெல்லாமல் இருந்தார். இந்தக் கேள்வியைத் தான் கேட்காமல் விட்டுவிட்டோமே என்று இருந்தது.

அடுத்த ஞாயிறு நார் நார் கூனுக்கு அளவு நாடாவோடு போனார். முயல் ஒத்துழைக்கவில்லை. அளக்கப் போனால் ஓடியது. திரும்பி வந்தால் வந்து இருந்தது. கடைசியில் ஆனந்தராஜாவை முயல் இருந்த இடத்தில் குந்தியிருக்கச் சொல்லி அளந்தார். அறுபது மீற்றர் வந்தது. ஆனால் ஆனந்தராஜா கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து குந்தியிருந்தது சந்தேகமாக இருந்தது.

மறுபடி கடை. மறுபடி கொப்பி. இரண்டு கிழமையில் இரண்டாவது முடிவு.

"ஆறில இருந்து இருபத்துநாலு மடங்கு. இனிக் கேள்வி இல்லை. இருநூறு மீற்றரில கடுதாசியில விழுந்த ஓட்டை தெரியும்."

"நல்ல சாமான் போல. அப்ப அறுபது மீற்றரில முயல் எவ்வளவு பெரிசாத் தெரியும்?"

"மாடு மாதிரித் தெரியும்."

"முழு மாடும் தெரியுமோ?"

"என்ன?"

"அவ்வளவு பெரிசாத் தெரிஞ்சா, தலை எந்தப் பக்கம் வால் எந்தப் பக்கம் எண்டு பாக்க ஏலுமோ? வெறும் தோல்தானே தெரியும். எனக்கென்ன தெரியும், சும்மா கேட்டனான்."

சனிக்கிழமை கடைக்குப் போய், அந்தக் குழாயைக் கையில் எடுத்து இருபத்துநாலு மடங்கில் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தார். ஓர் எழுத்து மட்டும் தெரிந்தது. ஓ எழுத்தா பூச்சியமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணை எடுத்து வெறும் கண்ணால் பார்த்தார். அது பேக்கரிக் கடையின் வட்டப் பாண் படம்.

அவள் சொன்னது சரி. இந்திரகுமார் மனைவியின் அறிவை நினைத்து வியந்தபடி வெறுங்கையோடு வீடு வந்தார்.

மார்கழியில், நத்தாருக்கு முன்பே லைசன்ஸ் வந்துவிட்டது. அதில் இருந்த படத்தில் அவர் ஏதோ குற்றத்துக்குத் தேடப்படுகிறவர் போல இருந்தார். ஸ்கோப் மட்டும் வரவில்லை. மூன்றாவது முடிவை, "விடியப்புறம்தானே முயல் வரும், அந்த மங்கலில முன்கண்ணாடி நாப்பது காணுமோ?" என்ற கேள்வி விழுத்தியது. ஐம்பது என்று பார்த்தால் பாரம் கூடியது. நாலாவது முடிவை, "இவ்வளவு பாரத்தை எவ்வளவு நேரம் தூக்கி வைச்சிருப்பியள், போன மாதம் அரிசி மூட்டையோட நாரி பிடிச்சதெல்லே?" என்ற கேள்வி.

ஐந்தாவது முடிவு பெரிய இடத்தில் முட்டியது.

"ஸ்கோப்புக்குள்ள ஒரு சிலுவைக் கோடு இருக்கும் சந்திரா. அது முதலாம் தளத்தில இருந்தா, உருவம் பெருக்கப் பெருக்க கோடும் பெருக்கும். ரெண்டாம் தளத்தில இருந்தா கோடு அப்பிடியே நிக்கும்."

"எது நல்லது?"

"ரெண்டும்."

"எது கூடாது?"

"ரெண்டும்."

"அப்ப நீங்கள் எதை எடுக்கப் போறியள்?"

 சந்திரவதனா எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். அவர் அதே கதிரையில் அதே மாதிரி இருந்தார்.

"கோடு இல்லாம ஒண்டும் வராதோ?" என்று அவள் அன்போடு கேட்டாள்.

இனி அறிந்த ஒருவரிடம் கேட்பதே வழி என்று, பக்கத்து வீட்டுச் சுப்பையாவிடம் போனார் இந்திரகுமார். சுப்பையா ஈப்போவில் இருந்து மாணவராக வந்து, இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினைந்து வருடமாக டார்கெட் கிளப்பில் சுடுகிறவர்.

"மில்லா, மோவாவா? மொத அதச் சொல்லு தம்பி," என்றார் சுப்பையா.

"மோவாய் எண்டா நாடிதானே அண்ணை?"

"அது இல்லலா. எம்.ஓ.ஏ. ஸ்கோப்புல குறிய நகத்தற கோண அளவு. நூறு கஜத்துல ஒரு இன்ச்."

"சரியா ஒரு இன்ச்சோ?"

"கொஞ்சம் கூட. கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்ட எண்டா எவ்வளவு அண்ணை?"

சுப்பையா அவரை ஒரு கணம் பார்த்தார். "மில்லுன்னா நூறு மீட்டர்ல பத்து சென்டி. அது கிட்டத்தட்ட இல்ல, சரியாவே பத்து. போதுமா?"

"அப்ப மில்தான் நல்லதோ?"

"நான் மோவாதான் வச்சிருக்கேன்."

"ஏன் அண்ணை?"

"பழகிப் போச்சு. தம்பி, ஒண்ணு இங்கிலீஷ்காரன் கணக்கு, இன்னொண்ணு பிரெஞ்சுக்காரன் கணக்கு. அவங்க இருநூறு வருஷமா சண்ட போட்டுட்டு இருக்காங்க. நீ ஏன் நடுவுல போய் நிக்கற? ஞாயித்துக்கிழம கிளப்புக்கு வா. என்னோடதுல ஒரு வெடி சுட்டுப் பாரு. மனசு தெளிஞ்சிரும்."

போனார். சுப்பையாவின் துவக்கு பெரியது. அதன் மேல் இருந்த ஸ்கோப் ஒரு சின்ன உலக்கை அளவு இருந்தது. கண்ணை ஒட்டாதே, தள்ளி வை என்று சுப்பையா இரண்டு முறை சொன்னார். இந்திரகுமார் தள்ளித்தான் வைத்தார். ஆனால் தள்ளி வைத்தால் ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. கிட்டப் போனார், வட்டம் விலகியது. இன்னும் கிட்டப் போனார். இருநூறு மீற்றருக்கு அப்பால் கடுதாசியில் இருந்த வளையங்கள் அவ்வளவு துலக்கமாகத் தெரிந்தன. நாலு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு ஏதோ விளங்கியது. அந்தச் சந்தோசத்தில் விசையை அழுத்தினார்.

துவக்கு பின்னுக்கு உதைத்தது. ஸ்கோப்பின் விளிம்பு வலது புருவத்தில் வந்து முத்தமிட்டது. அரைச் சந்திர வடிவத்தில் இரத்தம்.

"பயப்படாத," என்றார் சுப்பையா. தன் புருவத்தைத் தடவிக் காட்டினார். அங்கேயும் ஒரு பழைய அரைச் சந்திரன் இருந்தது. "கிளப்புல முக்காவாசி பேருக்கு இது இருக்கு. இனி நீயும் மெம்பர்."

வீட்டில் சந்திரவதனா காயத்தைத் துடைத்து, மருந்து போட்டு, பிளாஸ்டர் ஒட்டினாள். இரத்தத்தைக் கண்டு அசைகிற ஆள் இல்லை அவள்.

"கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில எவ்வளவு இடைவெளி விட வேணுமாம்?"

"நாலு விரல்."

"நீங்கள் எத்தினை விட்டனீங்கள்?"

"ரெண்டு இருக்கும்."

"சரி. அந்த நாலு விரல், கண்ணில இருந்தோ, உங்கட மூக்குக் கண்ணாடியில இருந்தோ?"

இந்திரகுமார் பிளாஸ்டரோடு சேர்த்துப் புருவத்தை உயர்த்தினார். வலித்தது. சுப்பையா மூக்குக் கண்ணாடி போடாதவர். தாடிக்காரரும் போடாதவர். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆறாவது முடிவு அப்படியே உயிரை விட்டது.

"நீர் மட்டும் இல்லையெண்டா நான் பிழையான சாமானை வாங்கியிருப்பன், சந்திரா," என்றார் நன்றியோடு.

"அதுக்குத்தானே நான் இருக்கிறன்," என்றாள் அவள்.

இதெல்லாம் நடக்கும்போது ஞாயிறுகள் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நார் நார் கூன் போனார்கள். தை மாதத்தில் ஒரு நாள் ஆனந்தராஜாவின் வாகனத்தில் கம்பி வலைச் சுருள்கள் வந்து இறங்கின. சந்திரவதனா மண்வெட்டியை இந்திரகுமாரின் கையில் கொடுத்தாள்.

"தோட்டத்தைச் சுத்தி ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டுங்கோப்பா."

வெட்டினார். அன்று அவருக்கு மண்டை முழுக்கப் பரலாக்ஸ். தலையை அசைத்தால் சிலுவைக் கோடு இலக்கை விட்டு நகரும் என்பதுதான் பரலாக்ஸ். அது அறுபது மீற்றரில் எவ்வளவு நகரும், இருநூறில் எவ்வளவு நகரும் என்று யோசித்தபடி நாற்பது மீற்றர் நீளத்துக்குக் கிடங்கு வெட்டினார்.

"இந்த நுனியைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ."

பிடித்துக்கொண்டு நின்றார். ஆனந்தராஜா கட்டைகளை இறுக்கினார். சந்திரவதனா வலையின் அடியை வெளிப்பக்கமாக மடித்துக் கிடங்குக்குள் விட்டு மண்ணால் மூடினாள். பிறகு, யன்னலோரம் மறுபடி முளைக்க வைத்த பயற்றங்கன்றுகளை உள்ளே நட்டாள்.

"மச்சான், இது நல்லா நிக்கும் என்ன?" என்று ஆனந்தராஜா கேட்டார்.

"ஓம், பக்கத்தில ஒரு திருகாணி இருந்தா நிக்கும். இல்லாட்டி நகரும்," என்றார் இந்திரகுமார், பரலாக்ஸை நினைத்து.

ஆனந்தராஜா பக்கத்தில் ஒரு திருகாணியும் போட்டார்.

பங்குனியில் சயந்தினியின் மகளுக்கு அரங்கேற்றம் வந்தது. சந்திரவதனா நாலு நாள் முந்தியே சிட்னிக்குப் பறந்தாள். இந்திரகுமாருக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. "கறி எல்லாம் பெட்டி பெட்டியாப் போட்டு வைச்சிருக்கிறன். போட்டு வாறன்," என்று அவள் போனாள்.

வியாழக்கிழமை பின்னேரம் இந்திரகுமார் தனியே மேசையில் இருந்து சாப்பிட்டார். எதிரே கதிரை காலியாக இருந்தது. கொப்பியைத் திறந்தார். பார்த்தார். ஏதோ ஒன்று குறைந்தது. வெகுநேரம் கழித்துத்தான் பிடிபட்டது. யாரும் கேள்வி கேட்கவில்லை.

சனிக்கிழமை கடை திறக்க முன்பே வாசலில் நின்றார். கொப்பியைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார். "நாலில் இருந்து பதினாறு மடங்கு. முன்கண்ணாடி நாற்பத்து நாலு. இரண்டாம் தளம். மோவா. பக்கத்தில் பரலாக்ஸ் திருகு. மூக்குக் கண்ணாடியோடு நாலு விரல்," என்று ஒரே மூச்சில் சொன்னார். தாடிக்காரர் தட்டில் இருந்து ஒன்றை எடுத்து வைத்தார். முதல் நாள் மேசையில் வைத்த பதினான்கில் ஐந்தாவது அது. கண்ணாடி நல்ல துலக்கம், அன்றைக்கே காட்டினேன், நீதான் அதைத் தாண்டிப் போனாய் என்றார்.

இந்திரகுமாருக்கு அது உறைக்கவில்லை. ஐந்து மாத யுத்தத்தில் வென்ற தளபதி போலப் பெட்டியோடு வெளியே வந்தார்.

திங்கட்கிழமை சந்திரவதனா வந்தாள். பெட்டியை அவள் முன்னால் வைத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நாலு கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது. தேவைப்பட்டால் ஐந்தாவதுக்கும்.

அவள் திறந்தாள். எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "நல்ல சாமான்."

"ஏதும் கேக்கேல்லையோ?"

"என்ன கேக்க? எல்லாம் பாத்துத்தானே எடுத்திருப்பியள்."

அவ்வளவுதான். வென்றவர் பெட்டியை மூடி, மறுபடி திறந்து பார்த்தார்.

அந்த ஞாயிறு ஸ்கோப்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நார் நார் கூனுக்குப் போனார். துவக்கு இல்லாவிட்டால் என்ன, பார்க்கவாவது செய்யலாமே. ஆனந்தராஜாவின் படலைக்குப் பக்கத்தில் ஒரு கட்டையில் அதைச் சாய்த்து வைத்து, நாலு விரல் இடைவெளி விட்டு, பார்த்தார். மடங்கைக் கூட்டினார். திருகைத் திருகினார்.

முயல் தெரிந்தது. எவ்வளவு அழகாகத் தெரிந்தது. மீசை ஒவ்வொன்றும் தெரிந்தது. ஒன்றல்ல, ஏழு முயல். ஏழும் புல்லைத் தின்றுகொண்டிருந்தன. ஏழுக்கும் முன்னால் ஒரு கம்பி வலை. வலைக்கு உள்ளே பயற்றங்கொடி ஆளுயரத்துக்குப் படர்ந்து, காய் முழம் முழமாகத் தொங்கியது.

இந்திரகுமார் கண்ணை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். பிறகு மறுபடி ஸ்கோப்பால் பார்த்தார். இரண்டிலும் அதேதான்.

"மச்சான், முயல் ஏன் உள்ளுக்கு வரேல்லை?" என்று பக்கத்தில் நின்ற ஆனந்தராஜாவைக் கேட்டார்.

"எப்பிடி வரும்? வலை அடிச்சிருக்கெல்லே."

"எப்ப அடிச்சது?"

"என்ன மச்சான் விளையாடுறியோ? தையில அடிச்சது. நீதானே கிடங்கு வெட்டினனீ. திருகாணி போடச் சொன்னதும் நீதான்."

"அதுக்குப் பிறகு ஒரு முயலும் வரேல்லையோ?"

"ஒரு இலை போகேல்லை. ஒரு மாதமாப் பயத்தங்காய்தானே உன்ர வீட்டில கறி. எங்கயிருந்து வந்தது எண்டு நினைச்சனீ?"

 இந்திரகுமாருக்குச் சாப்பிட்டது ஞாபகம் இருந்தது. நல்ல கறி. தேங்காய்ப் பால் விட்டது. அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் பரலாக்ஸைப் பற்றிப் பேசியிருந்தார்.

ஸ்கோப்பை மெல்லத் தோட்டத்துப் பக்கம் திருப்பினார். சந்திரவதனா கொடிகளுக்கு நடுவில் கூடையோடு நின்றாள். அறுபது மீற்றர். வெறும் கண்ணுக்கு அவள் குனிந்து காய் பிடுங்குவது மட்டும்தான் தெரியும். பதினாறு மடங்கில் வேறு தெரிந்தது. அவள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

தாடிக்காரர் பொய் சொல்லவில்லை. கண்ணாடி நல்ல துலக்கம்.

இந்திரகுமார் ஸ்கோப்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார். போய்ச் சேர்வதற்குள் அவள் முகம் சரியாகிவிட்டிருந்தது.

"சந்திரா, நான் துவக்கு வாங்கிறது உமக்கு விருப்பமில்லையெண்டா முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"நான் எப்பவாவது வேண்டாம் எண்டு சொன்னனானோ?"

யோசித்துப் பார்த்தார். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று ஒவ்வொரு மாதமாகப் பின்னால் போய்த் தேடினார். ஒரு நாளும் சொல்லவில்லை. நல்லது என்று சொன்னாள். நல்ல யோசனை என்று சொன்னாள். நல்ல சாமான் என்று சொன்னாள். இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு நல்ல சொல் அவர் கேட்டதே கிடையாது.

"இல்லை," என்றார்.

"பிறகென்ன?"

அவள் கூடையைக் கீழே வைத்தாள். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். தோளில் தொங்கிய பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். இரண்டு பக்கமும் நெருக்கமாக எழுதியிருந்தது. அவளுடைய கையெழுத்துத்தான்.

"சுப்பையா அண்ணையிட்டக் கேட்டு எழுதி வைச்சனான். இருநூத்தி இருபத்துமூண்டு எண்டு ஒரு ரவை இருக்காம். இருநூத்தி நாலு எண்டு இன்னொண்டு. பதினேழிலயே ரெண்டு மூண்டு விதமாம். குழல் மொத்தமாவும் வருமாம், மெல்லிசாவும் வருமாம். மரப்பிடியோ பிளாஸ்டிக்கோ எண்டும் பாக்க வேணுமாம். ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு நியாயம் இருக்காம்."

இந்திரகுமார் தாளை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வலைக்கு வெளியே ஒரு முயல் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி புல்லுக்குக் குனிந்தது.

"ஒரு அவசரமும் இல்லையப்பா," என்றாள் சந்திரவதனா, கூடையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துக்கொண்டு. "ஸ்கோப் முடிஞ்சுது. இனித்தானே துவக்கு."